குடிமகனின் கத்தி

1

கொங்கு நாட்டில் 'குடிமகன்' என்கிற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். அரசியல் சட்டத்தைத் தமிழில் படிக்கிறபோது வருகிற குடிமகன் ஒருவர். ஓட்டுரிமை உள்ளவர், சட்டத்தின் முன் யாருக்கும் இளைத்தவரல்லர். ஊருக்குள் வழங்குகிற குடிமகன் இன்னொருவர். அவர் நாவிதர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனிலேயே இந்த அர்த்தமும் இருக்கிறது. வெள்ளாளக் கவுண்டர் வீட்டுக் கலியாணத்தில் மங்கல வாழ்த்துச் சொல்கிறவர் இந்த இரண்டாவது குடிமகன்தான். கம்பர் பாடிக் கொடுத்தது என்பார்கள். அவர் வாயால் வாழ்த்தாமல் கலியாணம் நிறையாது. வாழ்த்தி முடித்த மறுநாள் காலையில் அவரே அடப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தோட்டத்துச் சாளைக்கு வந்து, வாசலில் குத்த வைத்து, கவுண்டருக்குச் சவரம் செய்துவிட்டுப் போவார். கூலி அன்றைக்கன்றைக்குக் கிடையாது. அறுவடை முடிந்த பிறகு களத்துமேட்டில் தானியமாக அளப்பார்கள். அளக்கிற கையும் மரக்காலும் கவுண்டருடையது.

தமிழில் ஒருத்தனை மட்டம் தட்ட வேண்டுமானால் "என்னத்தச் செரச்சே?" என்று கேட்கிறோம். முற்போக்குப் பேசுகிற நண்பர்களும் டீக்கடையில் கூசாமல் கேட்கிறார்கள். ஒரு தொழிலின் வினைச்சொல், 'ஒன்றுக்கும் உதவாத காரியம்' என்று அர்த்தமாகியிருக்கிறது. இத்தனைக்கும் இந்தத் தொழிலைச் செய்தவர்கள் கட்டி அறுத்தார்கள், புண்ணுக்கு மருந்து போட்டார்கள். அந்த வீட்டுப் பெண்கள் ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்தார்கள். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் தொகுதியில் அம்பட்டர் பற்றிய பகுதி இந்த வைத்தியத்தையும் பேறுகாலம் பார்ப்பதையும் சேர்த்தே பேசுகிறது. ஊரே அவர்கள் கையில் பிறந்தது. பிறந்த பிறகு அந்தக் கையை ஊர் கீழே வைத்தது.

இரண்டு குடிமகன்களுக்கும் நடுவே கிடக்கிற தூரத்தை அளக்க ஒரு சின்ன இரும்புச் சாமானை எடுத்துக்கொள்கிறேன்: சேஃப்டி ரேசர். கோவைக்காரர்கள் இதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. கோவையின் தொழில் வரலாற்றில் நடு இடத்தில் நிற்கிற மனிதரே ரேசரும் பிளேடும் செய்தவர். கூடவே, பழைய காலத்துத் திருகு ரேசரைப் பார்த்துப் புதிதாக வடிவமைப்பது இப்போது உலகம் முழுக்க ஒரு மோஸ்தராகவே இருக்கிறது. நம் கேள்வி ஒன்றுதான். சேஃப்டி என்றால் பாதுகாப்பு. யாரிடமிருந்து யாருக்குப் பாதுகாப்பு?

2

கத்தியால் சவரம் செய்கிறவரின் இரண்டு கைகளையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வலது கை கத்தியைப் பிடித்திருக்கிறது. பலரும் அதை மட்டும்தான் பார்ப்பார்கள். இடது கைப் பெருவிரல் தோலை இழுத்துப் பிடித்திருக்கிறது. தோல் விறைப்பாக இல்லாவிட்டால் கத்தி முடியை அறுக்காது, சதையை அறுக்கும். கத்தி தோலோடு ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் நிற்க வேண்டும். படுத்தால் முடியை வழுக்கிக்கொண்டு போகும், நிமிர்ந்தால் கீறும். தாடை எலும்பு வளைகிற இடத்தில், குரல்வளை மேட்டில், அந்தச் சாய்வு நொடிக்கு நொடி மாற வேண்டும். மூன்றாவது, அழுத்தம். பதினைந்து வயதுப் பூனைமுடிக்கு ஒரு அழுத்தம், அறுபது வயதுக் கம்பிமுடிக்கு வேறு அழுத்தம். முடி அறுபடுகிற சத்தத்தைக் கேட்டே கை இதை முடிவு செய்கிறது. இவற்றோடு சாணைக்கல்லில் தீட்டுவது, தோல்வாரில் இழைப்பது, ரத்தம் வந்தால் படிகாரம் வைப்பது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத படிப்பு இது. அப்பன் கையைப் பார்த்து மகன் கை கற்றுக்கொண்டது.

சேஃப்டி ரேசரின் வரலாறு என்பது இந்தக் கையின் அறிவு ஒவ்வொன்றாக இரும்புக்குள் போன வரலாறு. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் ழான் ழாக் பெரே என்கிற கத்தி செய்பவர், கத்தியின் ஓரத்தில் ஒரு காப்பு வைத்து, தனக்குத்தானே சவரம் செய்துகொள்கிற கலையைப் பற்றிப் புத்தகமே எழுதினார். நாவிதர் இல்லாமல் சவரம் என்பது அப்போதே ஒரு கனவாக இருந்தது. 1880இல் அமெரிக்காவில் காம்ப்ஃபே சகோதரர்கள் கத்தியின் ஒரு துண்டை மட்டும் ஒரு தலைக்குள் செருகிக் கைப்பிடி வைத்தார்கள். ஆனாலும் அந்தத் துண்டைத் தீட்ட வேண்டியிருந்தது. தீட்டுகிற அறிவு இன்னும் கையில்தான் இருந்தது.

கிங் கேம்ப் ஜில்லெட் செய்தது என்ன? தீட்டுவதையே ஒழித்தார். தகடு மாதிரி மெல்லிய பிளேடு, மழுங்கினால் தூக்கி எறி. யோசனை அவருடையது. அந்த மெல்லிய தகட்டைக் கோணாமல் கடினப்படுத்த முடியும் என்று செய்து காட்டியவர் வில்லியம் நிக்கர்சன் என்கிற பொறியாளர். மெல்லிய பிளேடு தட்டையாக இருந்தால் துடிக்கும். அதை வளைத்துப் பிடித்தால் விறைப்பு வரும். மேலே வளைந்த மூடி, கீழே பல் வைத்த தட்டு, நடுவே பிளேடு, அடியிலிருந்து ஒரு திருகு. 1903இல் விற்பனையானவை 51 ரேசர்கள். அடுத்த ஆண்டே 90 ஆயிரத்துக்கு மேல். காப்புரிமை 1904 நவம்பரில் வந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் சிப்பாய்களுக்காக 35 இலட்சம் ரேசர் வாங்கியது. பதுங்குகுழியில் தானே சவரம் செய்து பழகிய ஆண்கள் ஊர் திரும்பிய பிறகு நாவிதர் நாற்காலிக்குத் தினமும் போக வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

இயந்திரங்கள் பற்றி 'மூலதனம்' முதல் பாகத்தில் மார்க்ஸ் சொல்வதன் சாரம் நமக்குத் தெரியும்: தொழிலாளியின் கையிலிருந்த கருவியை எடுத்து ஒரு பொறியமைப்பில் பொருத்துகிறபோது இயந்திரம் பிறக்கிறது. ரேசர் இயந்திரம்கூட இல்லை, கையால் இழுக்கிற சாமான்தான். இருந்தும் அதே காரியம் இங்கே நடந்திருக்கிறது. இடது பெருவிரல் தோலை இழுத்த வேலையைக் கீழ்த்தட்டின் விளிம்பு செய்கிறது. 30 பாகைச் சாய்வை மூடியின் வளைவு வைத்திருக்கிறது. ஆழத்தை, மூடிக்கும் தட்டுக்கும் இடையே பிளேடு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது தீர்மானிக்கிறது. மூன்று அறிவும் உலோகத்தில் உறைந்துவிட்டன. அந்த அறிவைத் தந்தவர்களுக்குக் காப்புரிமை ஏதும் இல்லை.

3

இந்த இடத்தில்தான் திருகு ரேசர், அதாவது கூட்டிக் குறைக்கக்கூடிய ரேசர், சுவாரசியமான சாமானாகிறது. சாதாரண ரேசரில் பிளேடு நீட்டம் ஒன்றேதான். அது எல்லா முகத்துக்கும் பொருந்த வேண்டும், பொருந்தவில்லையென்றால் முகத்தின் குற்றம். 1950களின் கடைசியில் ஜில்லெட் கம்பெனி கழுத்தில் ஒரு வளையம் வைத்து, 1 முதல் 9 வரை எண் பொறித்து ஒரு ரேசர் விட்டது. சேகரிப்பாளர்கள் அதைக் 'குண்டுப் பையன்' என்று கூப்பிடுகிறார்கள். ஜெர்மனியின் சோலிங்கனில் மெர்குர் கம்பெனியும் இந்த வகையில் பேர் வாங்கியது. வளையத்தைத் திருப்பினால் உள்ளே நுண்ணிய மரை சுற்றுகிறது. மூடிக்கும் தட்டுக்கும் இடைவெளி கூடுகிறது, பிளேடு கொஞ்சம் அதிகமாகத் தோலைச் சந்திக்கிறது. எண் 1 என்றால் பயந்த சவரம், 9 என்றால் துணிந்த சவரம்.

கோவை கணபதியில் எனக்குப் பழக்கமான ஒரு லேத் பட்டறையில் பழைய திருகு ரேசர் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். பிரித்து மேசைமேல் பரப்பிவிட்டு அவர் சொன்னார்: "தலையெல்லாம் மில்லிங்ல போட்டரலாமுங்க. பிடி டர்னிங் வேலைதான். இந்த மரை இருக்குது பாருங்க, இதுலதான் சூட்சுமம். ஆட்டம் இருந்துதுன்னா நெம்பர் போட்டும் பிரயோசனம் இல்லீங்க." மரையில் ஆட்டம் இருந்தால் 4இல் வைத்தது 5இல் நிற்கும், பிளேடின் இரண்டு ஓரங்களில் ஒன்று அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் நீட்டும். பிளேடோ 0.1 மில்லிமீட்டர் கனம். இடைவெளி சரியாக இருக்க வேண்டுமென்றால் அதைவிடச் சிறிய அளவுகளில் வேலை சுத்தமாக இருக்க வேண்டும். பித்தளையில் செய்து குரோமியம் பூசுவதா, துருப்பிடிக்காத எஃகிலேயே குடைந்தெடுப்பதா? பழையது பூச்சு உரிந்து கிடக்கிறது, எஃகு பேரன் காலம் வரைக்கும் வரும். ஆனால் எஃகில் மரை வெட்டுவது கஷ்டம், டூல் சீக்கிரம் தேயும், விலை கூடும். எண்பதுகளோடு பெரிய கம்பெனிகள் கைவிட்ட இந்த வகையை இப்போது வெளிநாடுகளிலும் இங்கேயும் சிறு உற்பத்தியாளர்கள் மறுபடி செய்கிறார்கள். அவர்களுடைய தலைவலியெல்லாம் இந்த இரண்டு மூன்று விசயங்கள்தான்.

நான் அவரிடம் கேட்டது வேறு. "1க்கும் 9க்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்த நம்மூரு நாசுவர் எப்படிங்க செஞ்சாரு?" அவர் சிரித்துவிட்டு, தன் விரலைத் தானே பார்த்துக்கொண்டார். லேத்தில் முப்பது வருசம் நின்ற விரல். மைக்ரோமீட்டர் வைப்பதற்கு முன்னாலேயே எத்தனை தேய்க்க வேண்டும் என்று தெரிந்த விரல். ஒரு கைத்தொழில்காரர் இன்னொரு கைத்தொழில்காரரை அடையாளம் கண்டுகொள்ள ஒரு நொடி போதுமானதாக இருந்தது.

திருகு ரேசர் ஒருவகையில் ஒப்புதல் வாக்குமூலம். எல்லா முகமும் ஒன்றல்ல என்று இரும்பு கடைசியில் ஒத்துக்கொண்டது. நாவிதர் கை முதலிலிருந்தே அறிந்திருந்த விசயம். கையிடம் இருந்த தீர்ப்பு ஒன்பது எண்களாகச் சுருங்கி, வாங்குகிறவரின் உரிமையாக அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

4

இப்போது கோவைக்கு வருவோம். ஜி.டி. நாயுடு 1893இல் கலங்கலில் பிறந்தவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கியதும், கோவையில் ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அப்படி ஒரு வண்டி வாங்கியதும், வாங்கிய வண்டியைப் பிரித்துப் பூட்டிப் படித்ததும் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ் விட்டார். அது யு.எம்.எஸ். என்கிற பெரிய போக்குவரத்துக் கம்பெனியாக வளர்ந்தது. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. 1937இல் நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து மின்மோட்டார் செய்தார்கள், இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படுவது அதுதான். 1941இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்றார். 1952இல் இரண்டு பேர் உட்காருகிற காரை 2,000 ரூபாய் விலையில் கொண்டுவந்தார். அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை. 1974இல் மறைந்தார்.

இந்தப் பட்டியலுக்கு நடுவே இருக்கிறது 'ரேசண்ட்' என்கிற சவர இயந்திரம். உள்ளே ஒரு குட்டி மோட்டார், ஓட்டுவதற்கு உலர் மின்கலம். கூடவே மிக மெல்லிய சவர பிளேடுகள். அமெரிக்காவில் ஷிக் 1931இல் மின்சவர இயந்திரத்தைக் கடைக்குக் கொண்டுவந்திருந்தார். அதற்குச் சுவரிலிருந்து மின்சாரம் வேண்டும். ரேசண்டில் என்னைப் பிடித்து நிறுத்துவது மோட்டாரைவிட அந்த உலர் மின்கலம்தான். கம்பி போகாத ஊரிலும் ஓடும். பஸ் ஓட்டி, ஊர் ஊராகச் சுற்றி, ராத்திரி எங்கோ படுத்து எழுந்த ஒரு மனிதர் செய்யக்கூடிய யோசனை அது என்று நான் வாசிக்கிறேன். இடத்தோடு கட்டிப் போடாத சவரம். யாருடைய வருகைக்கும் காத்திராத சவரம்.

நாயுடுவைப் பற்றி எழுதப்படுகிற எல்லாவற்றிலும் ஒரே கதையாடல்தான்: படிக்காத மேதை, தனி மனிதர், அரசாங்கம் ஒத்துழைக்கவில்லை, 'இந்தியாவின் எடிசன்'. அவருடைய மேதைமையில் எனக்குச் சந்தேகம் கிடையாது. சந்தேகம் இந்தக் கதையாடலின் இலக்கணத்தில். அதில் எழுவாய் எப்போதும் ஒருவர், பயனிலை எப்போதும் 'கண்டுபிடித்தார்'. எதைப் பார்த்து, யார் கையைப் பார்த்து என்கிற கேள்விக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. திருப்பூர் பனியன் முதலாளிகளை ஆராய்ந்து ஷரத் சாரி 2004இல் எழுதிய நூலில் இதன் இன்னொரு வடிவம் இருக்கிறது. தொழிலாளியாக இருந்து முதலாளியான கவுண்டர்கள் தங்கள் வளர்ச்சியைத் தங்கள் 'உழைப்பு' என்கிற ஒரே சொல்லால் விளக்கிக்கொள்கிறார்கள். உழைப்பு மூலதனமாக மாறிய கதை அது. உழைத்தும் மாறாதவர்கள் அந்தக் கதைக்குள் வருவதே இல்லை. விவசாயச் சாதிகளின் பட்டறை மேதைமையும் உழைப்பும் கோவையின் பெருங்கதையாடல். சாணைக்கல்லும் தோல்வாரும் வைத்திருந்த சாதியின் தொழில்நுட்பம் 'குலத்தொழில்' என்று வேறு பெட்டியில் கிடக்கிறது. ஒருவர் செய்தால் கண்டுபிடிப்பு, இன்னொருவர் செய்தால் பிறப்பு.

2025 அக்டோபர் 9 அன்று அவினாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலம் ஜி.டி. நாயுடு பெயரில் திறக்கப்பட்டது. தெருக்கள், சாலைகள், குடியிருப்புகளின் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவதற்கான அரசாணையும் அதே நாட்களில் வந்திருந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? 'நாயுடு' என்பது சாதியா, பெயரின் பகுதியா என்று ஒரு மாதம் போடு போடென்று போட்டார்கள். விவாதம் தேவையானதுதான். ஆனால் பெயர்ப் பலகையில் எந்தச் சாதி இருக்கக் கூடாது என்று பேசிய யாரும், எந்தச் சாதிக்காரரின் கைவேலையும் எந்தப் பலகைக்கும் கிட்டத்தில்கூட வந்ததில்லை என்று பேசவில்லை. வாலை நறுக்கினாலும் கோபுரம் அதே கோபுரம்தான்.

5

இதுவரை பேசியது இரண்டு பேரைப் பற்றி: சவரம் செய்துகொள்கிறவர், செய்துவிடுகிறவர். மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். சவரம் மறுக்கப்படுகிறவர்.

கொங்குக் கிராமத்தில் குடிமகனின் கத்தி எல்லார் கழுத்துக்கும் போகாது. அருந்ததியருக்கு முடி வெட்டினால் நாளைக்குக் கவுண்டர் வீட்டு வாசலில் அவருக்கு வேலை இல்லை, களத்தில் தானியம் இல்லை. மறுக்கிறவர் நாவிதர், மறுக்க வைக்கிறவர் வேறு. சட்டத்தின் கண்ணுக்குக் கத்தி பிடித்த கை தெரியும். அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிற கை தெரியாது. மிகவும் பிற்படுத்தப்பட்டவர் பட்டியலில் இருக்கிற ஒரு சாதியைக் காவல் நிறுத்தித்தான் ஆதிக்கச் சாதி தன் வேலியைக் காத்துக்கொள்கிறது. இன்னொரு கொடுமையும் உண்டு. கத்தி இழைக்கிற வார் தோல். கொங்கில் தோலைப் பதப்படுத்தியவர்கள் அருந்ததியர். அவர்கள் தொட்ட தோல் கத்தியைத் தொடலாம், கத்தி அவர்களைத் தொடக்கூடாது.

சட்டம் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் 'கடை' என்கிற சொல்லைப் பற்றிப் பேச்சு வந்தபோது, தேடி வருகிற யாருக்கும் தன் சேவையைத் தர ஒருவர் தயாராக இருக்கும் இடம் எதுவானாலும் அது கடைதான் என்று அம்பேத்கர் விரிவாகப் பொருள் கொடுத்தார். 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், பிற்பாடு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. 'கடை' என்பதற்கான அதன் விளக்கத்தில் சலவைக் கடையும் முடிதிருத்தும் நிலையமும் பேர் சொல்லி இருக்கின்றன. சவரக் கடை நாற்காலியைக் குடியுரிமையின் இடமாகவே சட்டம் எழுதியிருக்கிறது. ஆனாலும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் தீண்டாமையைக் கணக்கெடுக்கப் போகிறவர்கள் இரட்டைக் குவளைக்கு அடுத்ததாக முடிதிருத்தும் கடையைத்தான் எழுதிக்கொண்டு வருகிறார்கள். "கடைக்கு வராதீங்கப்பா, எங்களுக்குப் பிரச்சினையாயிரும், வேணும்னா டவுனுக்குப் போயிக்குங்க." இது கோபமாகச் சொல்லப்படுவதில்லை. கெஞ்சலாகத்தான் சொல்லப்படுகிறது. கெஞ்சலாகச் சொல்லப்படும் தீண்டாமையை எதிர்ப்பது இன்னும் கஷ்டம்.

சேரிக்குள் ஒருத்தருக்கொருத்தர் வெட்டிவிட்டுக்கொண்டார்கள். பெட்டிக்கடையில் பிளேடு கிடைக்க ஆரம்பித்ததும், ரச மிழந்த கண்ணாடித் துண்டைச் சுவரில் செருகி வைத்துத் தாங்களே மழித்துக்கொண்டார்கள். ஒரு பாக்கெட் பிளேடு, ஒரு பிளாஸ்டிக் ரேசர். யார் தயவும் வேண்டாம். இது விடுதலை இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. குத்த வைத்துச் சேவகம் செய்ய வேண்டியதில்லாத நாவிதருக்கும் இது ஒரு வகையில் விடுதலைதான். ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தனக்குத்தானே சவரம் செய்துகொள்கிற தலித்தால் ஊருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. நாற்காலி கேட்டு யாரும் வரவில்லை, சட்டம் மீறப்படவில்லை, கலகம் இல்லை. ரேசர் தீண்டாமையை ஒழிக்காமல் அதன் உரசலை மட்டும் ஒழித்தது. மறுக்கிறவர், மறுக்க வைக்கிறவர், மறுக்கப்படுகிறவர் மூவரும் ஒருவரையொருவர் பார்க்கத் தேவையில்லாதபடி நடுவில் ஒரு சின்ன இரும்புத் துண்டு. ஊருக்கு அதுதான் சேஃப்டி.

முகத்தை ஒருவழியாக மழித்துக்கொள்ளலாம். தன் தலைமுடியைத் தானே வெட்டிக்கொள்ள முடியாது. அதற்குப் பஸ் ஏற வேண்டும். பெருந்துறைக்கோ கோபிக்கோ போய், முகம் தெரியாத கடையில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டு வர வேண்டும். வெட்டுக்கூலியோடு பஸ் செலவு, அரை நாள் கூலி நட்டம். கொங்கின் முடிவெட்டு வரலாற்றில் ரேசரைவிடப் பஸ்ஸுக்கு அதிக இடம் தர வேண்டும் என்று எனக்குப் படுகிறது. பஸ்ஸும் சும்மா வந்துவிடவில்லை. ஒரு காலத்தில் தாழ்த்தப்பட்டோரை ஏற்றாத பஸ் முதலாளிகள் சென்னை மாகாணத்தில் இருந்தார்கள். சுயமரியாதை இயக்கத்தைச் சேர்ந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, ஏற்ற மறுக்கிற பஸ்களுக்கு எதிராக உத்தரவே போட வேண்டியிருந்தது. சக்கரம் தானாகச் சமத்துவத்தைக் கொண்டுவரவில்லை, இருக்கைக்காகச் சண்டை போட வேண்டியிருந்தது. நாற்காலிக்கும் அதே கதைதான்.

6

தொழில்நுட்பம் சாதியைக் கரைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஒரு பக்கம். தொழில்நுட்பமே மேல்சாதிச் சதி என்று சொல்கிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேருக்கும் ரேசர் சரியான பதில் சொல்லாது. ஒரு சாமானின் அரசியல் அதன் உலோகத்தில் பாதி, அது எந்த வாசலுக்குப் போய்ச் சேருகிறது என்பதில் மீதி. நாவிதர் கையின் அறிவை இரும்பு வாங்கிக்கொண்டது முதல் பாதி. அந்த இரும்பு பெரிய வீட்டுக்குள் போனபோது சௌகரியமாகவும், சேரிக்குள் போனபோது நாற்காலிக்குப் பதிலாகவும் ஆனது இரண்டாவது பாதி.

நாவிதர் கடையிலும் கத்தி மாறிவிட்டது. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் எய்ட்ஸ் பயம் வந்தபோது, தீட்டுகிற கத்தி போய், பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகுகிற பிடி பரவியது. ஒவ்வொரு ஆளுக்கும் புதுப் பாதி. தீட்டும் அறிவு கடைக்குள்ளேயே போய்விட்டது. பெருவிரலும் சாய்வும் அழுத்தமும் மட்டும் இன்னும் அங்கே இருக்கின்றன. அந்தப் பிளேடை ஒடிக்கிறபோது யாரும் சாதி கேட்பதில்லை. கிருமிக்காகத் தொடுகையைச் சுத்தப்படுத்த ஒத்துக்கொண்ட ஊர், சாதிக்காக ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது பழைய திருகு ரேசரைப் பார்த்து எஃகில் குடைந்த புதிய ரேசர் வருகிறது. விலை ஆயிரங்களில். மரத்தடுப்பு வைத்த பெட்டி, பன்றி முடித் தூரிகை, 'பாரம்பரியம்' என்று ஒரு சொல். தூக்கி எறிகிற பிளாஸ்டிக் தோட்டாக்களைவிட இது நல்ல சாமான்தான். ஒரு பிளேடு சில ரூபாய், குப்பையும் குறைவு. கோவைப் பட்டறைகளில் இதைச் செய்ய முடியும், நன்றாகவே செய்ய முடியும். மோட்டாரும் பம்பும் கிரைண்டரும் செய்த ஊருக்கு ஒரு நுண்ணிய மரை பெரிய விசயமல்ல. நான் அதற்கு எதிரியல்ல. ஆனால் பாரம்பரியம் என்றால் யாருடைய பாரம்பரியம்? 1958இல் ஒரு அமெரிக்கக் கம்பெனி வார்த்த வடிவத்துக்கு நினைவு இருக்கிறது. அந்த வடிவத்துக்குள் உறைந்து கிடக்கிற கைக்கு நினைவு இல்லை. சாமானைப் பழமை ஆக்கிப் போற்றுவது, ஆளைப் பழமை ஆக்கி மறப்பதற்கு மிகச் சுலபமான வழி.

எழுதுகிறவர்களுக்கும் களத்தில் நிற்கிறவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. சாணை பிடிப்பு, தோல்வார், படிகாரம், ரணவைத்தியம், பேறுகாலம் பார்த்த பெண்களின் கைமுறை எல்லாவற்றையும் தொழில்நுட்ப வரலாறாக எழுத வேண்டும், இனவரைவியல் வேடிக்கையாக அல்ல. இன்னும் உயிரோடு இருக்கிற முதியவர்களிடம் கேட்டு, அந்தச் சாதியைச் சேர்ந்தவர்களே எழுதுவது நல்லது. அவினாசி சாலையில் இருக்கிற நாயுடுவின் தொழில் கண்காட்சிக்குப் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் சவர இயந்திரத்துக்கு முன்னால் நிற்கிறபோது, அதற்குப் பக்கத்தில் ஒரு அடப்பமும் இருக்கலாமே என்று கேட்கிற ஆசிரியர் வேண்டும். மேடையில் "என்னத்தச் செரச்சீங்க?" என்று கேட்டுக் கைதட்டு வாங்குகிற தோழர்கள் அந்தச் சொல்லைக் கொஞ்சம் நாளைக்கு வாயில் போடாமல் இருந்து பார்க்கலாம்.

இவையெல்லாம் சின்ன வேலைகள். பெரிய வேலை ஊருக்குள் இருக்கிறது. எந்தக் கிராமத்தில் நாற்காலி மறுக்கப்படுகிறதோ அங்கே அருந்ததியரோடு சேர்ந்து கடைக்குள் போவது. போகிறபோது நாவிதரை எதிரியாக நிறுத்தாமல், அவருக்கு மறுநாள் வேலை போனால் யார் பொறுப்பு என்பதையும் சேர்த்தே பேசுவது. வழக்குப் போடுவதானால் மணிக்கட்டைப் பிடித்திருக்கிற கையின் மேலும் போடுவது. நாற்காலியில் உட்காருகிறவரும் பின்னால் நின்று வெட்டுகிறவரும் ஒரே நேரத்தில் முதல் அர்த்தத்தில் குடிமகன்களாக ஆகிற இடம் அது ஒன்றுதான். ஒருவரை விட்டுவிட்டு இன்னொருவர் அந்த அர்த்தத்துக்குப் போய்ச் சேர முடியாது.